வால்வு ஆம்ப்ளிபயரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரும்

பெங்களூர் சிவாஜிநகரில் உள்ள தூய மரியன்னைப் பேராலயத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் 8ஆம் நாள் திருவிழா நடைபெறுகின்றது. கோயிலினுள் இடமின்றித் தெருவில் நிற்போருக்கும் வழிபாட்டின் சொற்கள் எட்டுவது ஒலிபெருக்கிகளினால்தான். இத்தகைய பெருங்கூட்டங்களில் முற்காலத்தில் வால்வு ஆம்ப்ளிபயர்கள் பணிபுரிந்தன. இன்று அவ்விடத்தை டிரான்சிஸ்டர் கருவிகள் கொண்டுள்ளன. பழையதன் நாதம் இனியது, புதியது கரகரக்கின்றது என்பார் இன்றும் உளர். இக்கூற்று ஆராயத்தக்கது.

வால்வு என்பது காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழல். அதனுள் சூடேறிய பகுதியிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டுத் தகட்டை அடைகின்றன. இடையிலுள்ள கிரிட் அவ்வோட்டத்தைக் கட்டுப்படுத்துகின்றது. இச்சூட்டுக்கே மின்சாரம் வீணாகின்றது. இ.எல். 84 என்னும் வால்வை எடுத்துக்கொண்டால், அதைச் சூடேற்றுவதற்கு மட்டும் ஏறக்குறைய 5 வாட் வேண்டும். தகட்டிற்கு 300 வோல்ட் அளவில் மின்னழுத்தம் தேவை. வால்வை ஒலிபெருக்கியுடன் பொருத்தக் கனத்த டிரான்ஸ்பார்மரும் வேண்டும். டிரான்சிஸ்டருக்கோ சூடேற்றும் இழை இல்லை. அதை இமைப்பொழுதில் பல்லாயிரம் முறை திறந்து மூடும் இக்காலக் கருவிகள், பெற்ற மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வரை ஒலிபெருக்கிக்கு அளிக்கின்றன. ஆட்டோவில் வரும் விளம்பரக் குரல் 12 வோல்ட் பாட்டரியில் ஒலிப்பது இதனால் எளிதாயிற்று.

இதே நகரின் ஜாலஹள்ளியில் 1954இல் நிறுவப்பெற்ற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் வால்வு உற்பத்தியையும், மறு ஆண்டே ஜெர்மானியம் அரைக்கடத்திகளின் உற்பத்தியையும் தொடங்கிற்று. பழையதும் புதியதும் ஓராண்டு இடைவெளியில் வந்தது வியப்பன்றோ!

இனி நாதத்தைப் பற்றி. அளவுக்கு உட்பட்டு இயக்கினால், நல்ல டிரான்சிஸ்டர் கருவி வால்வுக் கருவியினும் குறைந்த திரிபுடன் ஒலிக்கும். வேற்றுமை அளவை மீறும்போதே தோன்றுகின்றது. வால்வு ஒலியலையின் முகட்டை மெல்ல வளைக்கின்றது. டிரான்சிஸ்டர் கத்தியால் அரிந்தாற்போல் வெட்டிவிடுகின்றது. செவிக்குக் கரகரப்பாவது இவ்வெட்டே. ஒலிபெருக்கியின் கம்பிச் சுருள் கருகுவதற்கும் இது வழிசெய்யும். ஆகவே குற்றம் பெரும்பாலும் குமிழைத் திருகும் கையினுடையது. 50 வாட் கருவிக்கு மாற்றாக 100 வாட் கருவி வைத்தால் கூடுவது 3 டெசிபல்தான். ஒலி இருமடங்காகத் தோன்ற ஆற்றல் ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். சிறு ஒலிபெருக்கிகள் பலவற்றைக் கேட்போர் அருகே வைப்பதே தக்கது. சிவாஜிநகரில் பௌரிங் மருத்துவமனையும் உள்ளதை மறத்தலாகாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பெற்ற இடங்களில் பகலில் 50, இரவில் 40 டெசிபலே எல்லை.

பள்ளி அறைகளில் பழைய கருவி கிடைத்தால் அதை இயக்குவோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். ஒலிபெருக்கியை இணைக்காமல் வால்வுக் கருவியை இயக்கினால் டிரான்ஸ்பார்மர் பழுதாகலாம். டிரான்சிஸ்டர் கருவிக்கோ, ஒலிபெருக்கிக் கம்பிகள் ஒன்றோடொன்று தொடுவதே ஆபத்து. மின்தொடர்பை நீக்கிய பின்னரும் வால்வுக் கருவியின் மின்தேக்கிகளில் உயிர்போக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். தகுந்த மின்தடை வழியாக அதை வடித்து, மீட்டரால் சோதித்த பின்னரே பயிற்சி பெற்றவர் உள்ளே கைவைக்கலாம். மாணவர் கைக்கு அது எட்டலாகாது.