பரணில் இருப்பது சீனா ஜாடியா?

மாங்காய் சீசன் வந்துவிட்டால் ராஜபாளையத்தில் ஜாடிக்கும் வேலை வந்துவிடும். பரணிலிருந்து இறக்கி, கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்தால்தான் ஆவக்காய் கெடாமல் இருக்கும். தோள்பட்டை வரை பழுப்பு, கீழே வெள்ளை. பாட்டி காலத்துச் சொத்து. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதே கதைதான். 'சீனா ஜாடி' என்ற பெயரை வைத்து, 'கப்பலில் வந்ததாக்கும்' என்று பெருமைப்படுகிற வீடுகளும் உண்டு.

பெருமையில் மண்ணைப் போட வேண்டாம். ஆனாலும் அந்த இரண்டு நிற ஜாடி பெரும்பாலும் நம் நாட்டுச் சரக்குதான். கெட்டியாகச் சுட்ட சாதாரணக் களிமண். சீனப் பீங்கான் என்பது தனி வெள்ளைக் களிமண்ணை 1,300 டிகிரி வாக்கில் சுட்டு எடுப்பது. தட்டினால் கணீரென்று கேட்கும். மெல்லிய கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்தால், பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரியும்.

அப்படியானால் அது நம் பக்கம் வரவே இல்லையா? ஏராளமாக வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி ஜில்லாவோடு இருந்த காலம் அது. அதே ஜில்லாவின் தாமிரபரணிக் கரையில், பழைய காயல் துறைமுகம் இருந்த இடத்தைத் தேடிப் போனார் பிஷப் கால்டுவெல். வெட்டவெளியெங்கும் உடைந்த சீனப் பீங்கான் ஓடுகள் இறைந்து கிடந்ததை 1881-இல் வெளிவந்த தன் திருநெல்வேலி சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். மார்க்கோ போலோ பார்த்து வியந்த காயல் அதுதான்.

ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினம் இன்னொரு சாட்சி. 1987-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. லாங்சுவான் சூளைகளின் இளம்பச்சைப் பாத்திரம், ஜிங்டெஜென் ஊரின் நீலவெள்ளைப் பாத்திரம் என்று பல வகை. போக்குவரத்து ஒருவழி அல்ல. சீனத்துத் துறைமுகமான சுவான்சோவில் நம்மவர்கள் சிவன் கோயில் கட்டி, 1281-இல் தமிழில் கல்வெட்டும் வைத்திருக்கிறார்கள்!

வெளிநாட்டு விற்பனைக்கென்றே செய்த சரக்கை அளவே காட்டிக்கொடுத்துவிடும். சீனர்கள் சின்னக் கிண்ணத்தில் சாப்பிடுகிறவர்கள். மேற்காசியாவிலோ ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து பகிர்ந்துண்பது வழக்கம். அவர்களுக்காக ஒன்றேகால் அடிக்கும் மேல் அகலமான தட்டுகளைச் சீனச் சூளைகள் சுட்டுக் கொடுத்தன. அதில் தீட்டிய நீலத்துக்கான கோபால்ட் பாரசீகத்திலிருந்து போனது. வாங்குகிறவர் பக்கத்திலிருந்தே வண்ணம்! காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் விருந்தென்றால் இன்றும் 'சஹன்' தட்டுதான், சுற்றி இரண்டு மூன்று பேர்.

இதைக் கேட்டதும் கடற்கரைக்குப் போய் ஓடு பொறுக்கக் கிளம்பிவிடாதீர்கள். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் அது வெறும் உடைசல். கண்ணில் பட்டால் கிடந்தபடியே போனில் படமெடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லலாம். உண்மையிலேயே நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சீனத் தட்டு வீட்டில் இருந்தால், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வெளிநாட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. பழம்பொருள் வியாபாரம் செய்யவும் லைசென்ஸ் வேண்டும். வாசலில் வந்து நின்று, 'பழைய சீனா சாமான் இருக்கா, நல்ல விலை தர்றேன்' என்பவரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

ஆவக்காய் ஜாடிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. வாயில் வேட்டித்துணியை இறுக்கிக் கட்டினால் போதும்.