பாம்பு சட்டை உரிக்கட்டும், பொறுங்கள்

டிசம்பரில் லண்டன் அக்கா வீட்டுக்குப் போனபோதுதான் முதன்முதலாக ஒரு பாம்பை போட்டோ எடுத்தேன். கல்யாணம், கும்பாபிஷேகம், காதுகுத்து என்று இருபது வருஷம் கேமராவோடு அலைந்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று நினைப்பு. அக்கா மகள் வளர்ப்பது கார்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிதான் அந்த இனத்துக்குச் சொந்த ஊர். விஷம் கிடையாது. நாலடி நீளம், ஆரஞ்சு உடம்பு, அதில் கறுப்புக் கரை கட்டிய செங்கல் நிறத் திட்டுகள். பிரிட்டனில் இதை வளர்க்க லைசென்ஸ் தேவையில்லை. விஷப்பாம்பு வளர்ப்பதென்றால்தான் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் வாங்க வேண்டும்.

கேமராவின் தலையிலேயே ஃபிளாஷை மாட்டி நேராக அடித்தேன். முதுகு முழுக்க ஜிகினா ஒட்டிய மாதிரி வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நிறமும் வெளிறிக் கிடந்தது. "மாமா, இது என் பாம்பே இல்ல" என்றாள் அவள். கொஞ்சம் ரோஷமாகத்தான் இருந்தது.

குத்துவிளக்கைப் படம் எடுத்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும். எதிரே இருப்பதையெல்லாம் பித்தளை திருப்பிக் காட்டும்: ஃபிளாஷ், டியூப்லைட், நம் சட்டை, எல்லாம். பாம்பின் செதிலும் அப்படித்தான். ஒவ்வொன்றும் லேசாக வளைந்த ஒரு குட்டிக் கண்ணாடி. மூன்று விரல் அகல ஃபிளாஷை நேரே காட்டினால் நூறு செதிலிலும் நூறு சுள்ளென்ற புள்ளி விழும். பாம்பு போட்டோவில் நாம் பாதி எடுப்பது பாம்பை, மீதி நம் விளக்கின் பிம்பத்தை. ஆகவே கேமரா என்ன விலை என்பதைவிட விளக்கு எவ்வளவு அகலம், எங்கே நிற்கிறது என்பதுதான் பேச்சு. முகத்துக்கு அழகு தரும் ரிங் லைட் இங்கே உதவாது. கண்ணில் ஒரு வெள்ளை வளையம் விழுந்து, பாம்பு ரோபோ மாதிரி ஆகிவிடும்.

சாஃப்ட்பாக்ஸ் இருந்தால் நல்லது. எங்களிடம் இல்லை. கூரியர் வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டியெடுத்து, அதில் அக்காவின் சமையலறை பேக்கிங் பேப்பரை இழுத்து ஒட்டினோம். நம் ஊரில் பட்டர் பேப்பர். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, பாம்புக்கு மேலே, சற்றே பின்னால், ஒன்றரை அடி தூரத்தில் நிறுத்தினோம். கிட்டே வர வர விளக்கு பாம்புக்குப் பெரிதாகத் தெரியும், வெளிச்சம் மிருதுவாகும். தள்ளித் தள்ளி வைத்தால் அதே பெட்டி மறுபடி சின்ன பல்பு ஆகிவிடும். நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளை தெர்மோகோல் துண்டு. அவ்வளவுதான் ஸ்டூடியோ.

கேமராவில் மேனுவல் மோடு. ஷட்டர் 1/200, அபெர்ச்சர் எஃப் 11, ஐஎஸ்ஓ 200. ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் திரை கன்னங்கரேலென்று இருக்க வேண்டும். அப்போதுதான் அறை பல்பின் மஞ்சளும், கூண்டுக்குச் சூடு தரும் விளக்கின் சிவப்பும் படத்துக்குள் எட்டிப் பார்க்காது. ஷட்டரை இன்னும் வேகமாக வைத்தால் பல கேமராக்களில் ஃபிளாஷ் ஒத்துப்போகாமல் படத்தில் கறுப்புப் பட்டை விழும்.

எஃப் 11 எதற்கு? 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமரா. தலையை நிஜ அளவில் பாதியாக சென்சாரில் விழவைத்தால், எஃப் 11-லும் தெளிவாக வருவது சுமார் 4 மில்லிமீட்டர் ஆழம்தான். ஒரு பச்சரிசியின் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் நேர்முகத்தில் மூக்கு மங்கிவிடும். தலை பக்கவாட்டில் திரும்பும் நேரத்துக்குக் காத்திருந்தால் கண், வாய், மூக்கு மூன்றும் ஒரே தளத்தில் வரும். எஃப் 22-க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் சின்ன துவாரத்தில் ஒளி சிதறிப் படம் மொத்தமாகத் தன் கூர்மையை இழக்கும். பேராசை வேண்டாம். கேமராவையும் பாம்பின் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். முட்டி வலிக்கும், என்ன செய்ய.

நாக்கு தனி வித்தை. அது எப்போது வரும் என்று அதற்கே தெரியாது போலிருக்கிறது. ஃபிளாஷின் சக்தியை 1/16-க்குக் குறைத்தால் மின்னல் நேரமும் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியாகச் சுருங்கி, பிளந்த நுனி அப்படியே உறைந்து நிற்கும். நாற்பது எடுத்தால் மூன்று தேறும்.

ஃபிளாஷ் இல்லையென்றால் ஜன்னல் ஓரம்: 1/125, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800. எல்இடி பல்பு வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு மாற்றுங்கள். நம் ஊரிலும் பிரிட்டனிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மட்டமான பல்பு விநாடிக்கு 100 முறை துடிக்கும்.

எல்லாம் சரி, பாம்பு ஓடிக்கொண்டே இருக்கிறதே? ஒரு பூத்தொட்டியை மெதுவாகக் கவிழ்த்து மூடிவிட்டுச் சில நிமிஷம் காத்திருங்கள். இருட்டில் அது சுருண்டு படுக்கும். தொட்டியைத் தூக்கியதும் கிடைப்பது சில விநாடி அமைதி, அதற்குள் எடுத்துவிட வேண்டும். அசையாமல் இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். உடம்புச் சூட்டுக்கு வெளிச்சூட்டையே நம்பியிருக்கும் பிராணிக்கு அது சித்திரவதை. அப்படி எடுத்த படத்தை நான் படம் என்றே சொல்ல மாட்டேன். சாப்பிட்டு இரண்டு நாளாவது ஆகாமல் தூக்கவே கூடாது என்பதும் அக்கா மகளின் கட்டளை. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

போலரைசர் ஃபில்டர் போட்டால் பளபளப்பு குறைந்து நிறம் தூக்கும். ஆனால் ரெயின்போ போவாவுக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் மேனியில் ஓடும் வானவில்லே அந்தப் பளபளப்புதான்.

இதைப் படித்துவிட்டு நம் ஊரில் யாரும் பாம்பைத் தேடிப் போக வேண்டாம். சாரை, மண்ணுளி, நல்லபாம்பு என எதையும் வீட்டில் வைத்திருக்க 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களுக்கும் 2022 திருத்தத்துக்குப் பின் அரசிடம் பதிவு வேண்டும். பழக வேண்டுமானால் கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது. லென்ஸின் வாயைக் கூண்டுக் கண்ணாடியில் ஒட்ட வைத்து, சுற்றிலும் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தினால் நம் முகம் படத்தில் வராது.

பெட்டி, பேப்பர், தெர்மோகோல் எல்லாம் தயாரான அன்று பாம்பின் கண் பால் கலந்த நீலமாக மாறியிருந்தது. முதல் நாள் நிறம் வெளிறித் தெரிந்ததற்கு என் ஃபிளாஷ் மட்டும் காரணமில்லை என்று அப்போதுதான் புரிந்தது. "சட்டை உரிக்கப் போகுது, இப்ப அதுக்குச் சரியாக் கண்ணு தெரியாது, பயப்படும். தொடாதீங்க மாமா." எட்டு நாள் காத்திருந்தேன். கிறிஸ்துமஸும் போனது. பிறகு ஒரு காலையில் கூண்டில் காகிதம் போல ஒரு முழுச்சட்டை கிடந்தது. பக்கத்தில் ஆரஞ்சு நிறம் அப்போதுதான் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தது. மறுநாள் எடுத்த ஏழு படங்களில் ஒன்று இப்போது அவள் அறைச் சுவரில் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது வேறு படம். உரித்த சட்டையின் தலைப்பகுதியை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பின்வெளிச்சத்தில் எடுத்தது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது நிறமில்லாத ஒரு தனிச்செதில், சட்டையோடு அதுவும் கழன்று வரும். படத்தில் அந்த வட்டம் மூக்குக்கண்ணாடிச் சில்லு போலத் தெளிவாக இருக்கிறது, அதன் வழியே எதிர்வீட்டுப் புகைபோக்கி மங்கலாகத் தெரிகிறது.