தட்டு ஏன் சுழல்கிறது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியருகே நின்று பாருங்கள். கால் மிதியை அழுத்துகிறது. கை நாடாவை ஓட்டுகிறது. நாள் முழுதும் அதே அசைவு. பலன், பட்டுச் சேலை.

சில குழந்தைகளும் ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் கண்டிருப்பீர்கள். கைகளை உதறுவார்கள், உடலை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள், தட்டைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளிடம் இது மிகுதி. இதில் என்ன பலன்?

பலன் கிடைக்கும் செயலே மீண்டும் மீண்டும் நிகழும் என்றார் உளவியல் அறிஞர் ஸ்கின்னர். ஆனால் தட்டைச் சுழற்றும் குழந்தைக்கு யாரும் மிட்டாய் கொடுப்பதில்லையே! அப்படியானால் அந்தச் செயலால் எழும் புலனுணர்வே பலனாக இருக்குமோ?

அமெரிக்க ஆய்வாளர் ஆர்னால்ட் ரின்கோவர் 1978இல் இதைச் சோதித்தார். ஒரு சிறுவன் மேசைமீது ஓயாமல் தட்டைச் சுழற்றுவான். மேசையின் மேல் கம்பளம் விரிக்கப்பட்டது. தட்டைப் பிடுங்கவில்லை, அவனைத் திட்டவுமில்லை. சுழலும்போது எழும் ஓசை மட்டும் நின்றது. சுழற்றுவதும் நின்றுபோயிற்று! அவன் தேடியது ஓசையைத்தான்.

எவர்சில்வர் தட்டு ஒன்றைச் சிமெண்டுத் தரையிலும், பிறகு மடித்த போர்வையின் மேலும் சுழற்றிப் பாருங்கள். வேறுபாடு உங்கள் காதுக்கே தெரியும். கடினமான தரையில் மோதி மோதித் தட்டு அதிர்கிறது. போர்வையோ அதிர்வை விழுங்கிவிடுகிறது.

ஓசையைப் பறிப்பதோடு வேலை முடிந்துவிடுமா? இல்லை. 1979இல் அதே குழுவினர், குழந்தை விரும்பும் புலனுணர்வையே தரும் விளையாட்டுப் பொருள்களைக் கொடுத்தார்கள். ஓசையை நாடியவனுக்கு இசைப்பெட்டி! விளையாட்டின் வழியே அதே இன்பம் கிடைத்தது.

இதற்கு முன் தண்டனை முறையும் இருந்தது. 1965இல் அமெரிக்காவில் இத்தகைய குழந்தைகளுக்கு மின்னதிர்ச்சிகூடக் கொடுத்துப் பார்த்தார்கள். இன்று அதைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆட்டிசம் உடைய பெரியவர்கள் பலர், இந்த அசைவுகள் தங்கள் பதற்றத்தைத் தணிப்பதாகச் சொல்கிறார்கள். ஆகவே, தலையை மோதிக்கொள்வதுபோல் உடலுக்குத் தீங்கு வரும்போதும், கற்பதற்குத் தடையாகும்போதும்தான் சிகிச்சை தேவை. மற்ற நேரங்களில் அது அக்குழந்தையின் இயல்பு என்று விட்டுவிடலாம்.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய, பல்வகைக் குறைபாடுகள் உடையோருக்கான தேசிய நிறுவனத்தில் இத்தகைய குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் உருவாக்குகிறார்கள்.

உங்கள் தெருவிலோ வகுப்பிலோ அப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால் கேலி செய்யாதீர்கள். கையைப் பிடித்து நிறுத்தவும் வேண்டாம். அந்த அசைவில் அவர்கள் காண்பது ஒளியா, ஓசையா, தொடுவுணர்வா என்று கவனியுங்கள். கூட விளையாட எதை எடுத்துச் செல்லலாம் என்பது அப்போது தெரிந்துவிடும்.