குதிகால் வலிக்குக் கெண்டைக்காலில் வைத்தியம்

விடியற்காலை ஐந்து மணி. களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்கு வரும் நெடுஞ்சாலை ஓரத்தில், இருட்டு விலகுவதற்கு முன்பே இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தமிழ்நாடு போலீஸ் வேலையைக் கனவு கண்டு ஓடுகிறார்கள். அங்கே ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் கடந்தாக வேண்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கேரள போலீஸ் கனவு. இங்கே எட்டுத் தேர்வுகளில் ஐந்தில் தேறினால் போதும். ஆனால் 1,500 மீட்டர் ஓட்டத்தை நம்பி இறங்குகிறவர் 5 நிமிடம் 44 விநாடிக்குள் முடிக்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் கழித்து இன்னோர் ஓட்டம் தொடங்கும். அது திருவனந்தபுரம் ரயிலைப் பிடிக்க நம் குமாஸ்தாக்கள் ஓடும் ஓட்டம்! 1979-ல் இந்த ரயில் பாதை திறந்த காலம் முதல் நடந்துவரும் பந்தயம் இது. பரிசு எதுவும் கிடையாது. தவறவிட்டால் ஆபீசில் தாமதக் குறிப்பு மட்டும் உண்டு.

இந்த இரு சாராருக்கும், நாள் முழுதும் ஓட்டலில் நின்று பரிமாறும் தொழிலாளிக்கும், பொதுவான ஒரு தொல்லை உண்டு. அதுதான் குதிகால் வலி.

முதல் அடியில் முள்

காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைத்ததும் குதிகாலின் அடியில் முள் தைத்தது போலிருக்கும். பத்து இருபது அடி நடந்தால் வலி குறையும். "சரியாகிவிட்டது" என்று ஓடப் போவோம். ஓடி முடித்துச் சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் அதே முள்.

குதிகால் எலும்பிலிருந்து கால் விரல்கள் வரை உள்ளங்காலின் அடியில் ஒரு வலுவான நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுவே. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. தாங்கும் சக்திக்கு மேல் பாரம் ஏறும்போது, பட்டை எலும்பைப் பற்றியிருக்கும் இடம் நைந்து வலிக்கிறது.

சரி, கெண்டைக்காலுக்கு இதில் என்ன வேலை? கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் இருக்கின்றன. ஒன்று முழங்காலுக்கு மேலிருந்தும், மற்றொன்று முழங்காலுக்குக் கீழிருந்தும் புறப்பட்டு, ஒரே நரம்புக்கயிறு போல் சேர்ந்து குதிகால் எலும்பின் பின்புறத்தைப் பிடித்துக்கொள்கின்றன. இந்தத் தசைகள் இறுகிப்போனால் கணுக்கால் தாராளமாக மடங்காது. மடங்க வேண்டிய இடம் மடங்காவிட்டால், அந்தச் சுமை உள்ளங்கால் பட்டையின் தலையில் விழுகிறது. அழுகிற இடம் குதிகால். அடிக்கிற இடம் பல சமயம் கெண்டைக்கால்!

எக்ஸ்ரே எடுத்து "எலும்பு வளர்ந்திருக்கிறது" என்று கேட்டதும் பலர் கலங்கிப் போகிறார்கள். அந்த எலும்பு முள் வலியே இல்லாத பலருக்கும் இருக்கிறது. பெரும்பாலும் வலிக்குக் காரணம் அது அல்ல.

இரண்டு தவறுகள்

தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒரு தவறைச் செய்கிறார்கள். ஒரு சாரார் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். சில வாரங்களில் போக வேண்டிய வலி மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. மறு சாரார் பயந்துபோய் ஓட்டத்தையே நிறுத்திப் படுத்துவிடுகிறார்கள். வலி அடங்குகிறது, கூடவே காலின் பலமும் குறைகிறது. மறுபடி ஓடத் தொடங்கியதும் வலி திரும்பி வருகிறது.

குதிகால் காயம் எத்தனை பெரியவரையும் விடாது. 1986-ல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றவர் பி.டி. உஷா. இரண்டே ஆண்டுகளில் அதே சியோலுக்கு ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றபோது, சற்று முன்பு ஏற்பட்ட குதிகால் காயம் அவரைப் பின்னுக்கு இழுத்தது. 400 மீட்டர் தடை ஓட்டத்தில் முதல் சுற்றைக்கூட அவரால் தாண்ட முடியவில்லை. பையோளியின் அந்தத் தங்க மகளுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்!

நடுவழி ஒன்று உண்டு. ஓடும் தூரத்தைப் பாதியாக்குங்கள். வேக ஓட்டத்தையும் மேட்டில் ஏறி ஓடுவதையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். மறுநாள் காலையின் முதல் அடியே உங்கள் தர்மாமீட்டர். வலி நேற்றைவிடக் கூடியிருந்தால் ஓட்டத்தைக் குறையுங்கள். அதே அளவில் இருந்தாலோ குறைந்தாலோ சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

சுவரும் படிக்கட்டும் போதும்

காசு செலவில்லாத மூன்று பயிற்சிகள்:

ஒன்று: காலை தரையில் வைப்பதற்கு முன்பே செய்வது. படுக்கையில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றத் தொடையின் மேல் போடுங்கள். விரல்களைக் கையால் பற்றி முழங்கால் பக்கமாக வளைத்துப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். இப்படிப் பத்துத் தடவை.

இரண்டு: சுவரைப் பார்த்து நின்று இரு கைகளையும் சுவரில் ஊன்றுங்கள். வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல், முழங்காலை நேராக வைத்து முன்னே சாயுங்கள். கெண்டைக்காலின் மேற்பாகம் இழுபடும். முப்பது எண்ணுங்கள். பிறகு அந்த முழங்காலைச் சற்று மடக்கி மீண்டும் முப்பது. இப்போது கீழ்ப்பாகம் இழுபடும். இரண்டையும் செய்தால்தான் இரண்டு தசைகளுக்கும் பலன். காலையும் மாலையும் மும்மூன்று தடவை போதும். ஆட்டி ஆட்டி இழுக்கக் கூடாது.

மூன்று: பலம் சேர்ப்பது. படிக்கட்டின் கடைசிப் படியில் முன்பாதத்தை ஊன்றி, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று எண்ணிக் குதிகாலைத் தூக்குங்கள். இரண்டு எண்ணும்வரை நில்லுங்கள். மூன்று எண்ணி இறக்குங்கள். முதலில் இரு காலாலும், பழகியபின் ஒரு காலாலும் செய்யலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் பன்னிரண்டு தடவை. 2014-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், இந்தப் பயிற்சி செய்தவர்கள் வெறும் இழுப்புப் பயிற்சி செய்தவர்களைவிட மூன்று மாதத்தில் நல்ல சுகம் கண்டார்கள்.

செருப்பையும் கவனியுங்கள். தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பு குதிகாலுக்கு எதிரி. வலி உள்ளவரை சிமெண்டுத் தரையிலும் டைல்ஸ் தரையிலும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். குதிகால் பக்கம் சற்று உயர்ந்து மெத்தென்றிருக்கும் செருப்பு நல்லது. தார்ச்சாலையைவிடப் பள்ளி மைதானத்து மண்ணில் ஓடுவது மேல்.

டாக்டரிடம் எப்போது?

இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், வீக்கமோ மரமரப்போ இருந்தால், குதிகாலை இருபுறமும் அழுத்தியதும் உயிர் போவது போலிருந்தால் தாமதிக்காதீர்கள். எலும்பில் கீறல் இருக்கக்கூடும். "படக்" என்ற சத்தத்தோடு காலில் பலம் போய்விட்டாலும், கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடானாலும் அன்றே ஆஸ்பத்திரி செல்ல வேண்டும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கைவைத்தியத்தை நம்பி வெந்நீரில் காலை வைக்கவே கூடாது. குதிகாலில் ஊசி போடுவது சீக்கிரம் சுகம் தரும். ஆனால் பலன் சில வாரங்களே. சிலருக்குப் பட்டை அறுந்துபோகும் அபாயமும் உண்டு. கேட்டுத் தெரிந்து முடிவு செய்யுங்கள்.

பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரிக்கோ நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரிக்கோ போகும் புதிய தமிழ்த் தொழிலாளிகளுக்கு ஒரு வார்த்தை. குதிகாலை மலையாளத்தில் 'உப்பூற்றி' என்பார்கள், கெண்டைக்கால் 'கால்வண்ண'. "ராவிலே உப்பூற்றி வேதன" என்று சொன்னால் பாதி விஷயம் விளங்கிவிடும். காலையின் முதல் அடியில் வலிக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். நோயைக் கண்டுகொள்ள அந்த ஒரு குறிப்பே பெரிய உதவி.

இந்த வலி பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை இல்லாமலே தீர்ந்துவிடும். ஆனால் மாதக் கணக்கில் பொறுமை வேண்டும். போலீஸ் வேலைக்கு ஓடும் தம்பிகளுக்கு அந்த மாதங்கள்தான் விலை மதிப்பற்றவை. உடல்தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்த பிறகு சுவரைத் தேடினால் காலம் போதாது. மனு அனுப்புகிற அன்றே கெண்டைக்காலுக்கும் பாடம் தொடங்கிவிடுங்கள்.