சின்னத்திரைக்கு வரும் விருந்தினர்கள்

புதுப்படம் வெளியாகும் வாரத்தில் அதன் கதாநாயகனோ இயக்குநரோ ஏதாவது ஒரு சேனலின் சோபாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பண்டிகை நாள் என்றால் காலை முதல் இரவு வரை எல்லாச் சேனல்களிலும் இதே காட்சிதான். நடிகர்களையும் பாடகர்களையும் அழைத்துப் பேச வைக்கும் நிகழ்ச்சி, தொலைக்காட்சி தோன்றிய காலத்திலிருந்தே அதன் முக்கியமான சரக்கு. அமெரிக்காவில் 1954-இல் தொடங்கிய ‘டுநைட் ஷோ’ இன்றும் ஓடுகிறது. 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சிக்கு பீட்டில்ஸ் குழு வந்து பாடியதை ஏறக்குறைய 7.3 கோடிப் பேர் பார்த்தார்கள். இந்தியாவில் இதற்கு வழிபோட்டவர் தபஸ்ஸும். 1972-இல் பம்பாய் தூர்தர்ஷன் தொடங்கியபோதே திரைக் கலைஞர்களைப் பேட்டி காணத் தொடங்கிய அவர், 1993 வரை அந்த நிகழ்ச்சியை நடத்தினார்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒரே சேனல், கறுப்பு வெள்ளை, மாலையில் சில மணி நேரம் மட்டும். வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ திரைப்பாடல்களுக்காகத் தெருவே ஒரு வீட்டில் கூடிய காலம் அது. நடிகரைத் திரையரங்குக்கு வெளியே, சொந்தக் குரலில் பேசுபவராகப் பார்ப்பதே அப்போது அபூர்வம். இசைக்கலைஞர்கள் வருவதற்கு மட்டும் ஒழுங்கான ஏற்பாடு இருந்தது. வானொலி நடத்தும் இசைத் தேர்வில் பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று தரம் கிடைக்கும். அந்தத் தரத்துக்கு ஏற்ப வாய்ப்பும் சன்மானமும் அமையும். ஒரு சிறு நகரத்து நாதஸ்வர வித்வான் சிபாரிசு இல்லாமல் தொலைக்காட்சி ஸ்டுடியோவுக்குள் நுழைய முடிந்தது இந்த முறையால்தான். அதன் அருமையைப் பிற்காலத் தனியார் சேனல்கள் உணரவில்லை.

1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்தது. பின்னாலேயே ராஜ், விஜய், ஜெயா என்று வரிசையாகச் சேனல்கள் வந்தன. நேரத்தை நிரப்ப ஆட்கள் வேண்டியிருந்ததால் திரையுலகின் கதவு முழுதாகத் திறந்தது. காலை நிகழ்ச்சிக்கு ஒரு விருந்தினர், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பத்து விருந்தினர் என்பது வழக்கமாயிற்று. இதில் இசை சார்ந்த நிகழ்ச்சிகளே நிலைத்த பெயர் பெற்றன. சன் டிவியில் ஏ.வி.ரமணன் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’, இலங்கை வானொலியின் பி.எச்.அப்துல் ஹமீது கொண்டுவந்த ‘பாட்டுக்குப் பாட்டு’, ஜெயா டிவியில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் தோன்றிய ‘என்னோடு பாட்டுப் பாடுங்கள்’, பாடகர் மனோவின் ‘மனதோடு மனோ’ ஆகியவற்றை இன்றும் பலர் நினைவு வைத்திருக்கிறார்கள். கேட்பவரும் பாடகர், பதில் சொல்பவரும் பாடகர் என்பதால் மனோவின் நிகழ்ச்சியில் பேச்சு தானாகவே ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விடும்.

இசைக்கலைஞரை அழைப்பதில் அடிக்கடி நேரும் ஒரு அநியாயத்தைச் சொல்லியாக வேண்டும். பேச்சு நடுவில் தொகுப்பாளர் திடீரென்று, “சார், எங்களுக்காக ரெண்டு வரி பாடுங்களேன்” என்பார். சுருதிப் பெட்டி கிடையாது, தாளத்துக்கு ஆள் கிடையாது, தொண்டையும் சூடேறியிருக்காது. குத்துமதிப்பாக ஒரு சுருதியைப் பிடித்துப் பாடகர் தொடங்குவார். பல்லவியைக் கொஞ்சம் மேலே எடுத்துவிட்டால் சரணத்தில் குரல் எட்டாது. கீழே எடுத்துவிட்டால் பாட்டு உயிரில்லாமல் கிடக்கும். விவரம் தெரிந்தவர் பல்லவியோடு நிறுத்திச் சிரித்துவிடுவார். நல்ல நிகழ்ச்சி என்றால் ஒரு கீபோர்டு, ஒரு தபேலாவாவது ஓரத்தில் தயாராக இருக்கும். பாடப்போகும் பாட்டையும் சுருதியையும் முன்பே கேட்டு வைத்திருப்பார்கள். 2006-இல் தொடங்கிய ‘சூப்பர் சிங்கர்’ மேடைக்குச் சித்ரா, சுஜாதா, ஸ்ரீனிவாஸ், உன்னிகிருஷ்ணன் போன்றவர்கள் வந்தபோது, அங்கிருந்த வாத்தியக் குழுதான் அவர்களைப் பாட வைத்தது. ஒரு சங்கதி எங்கே நழுவியது என்று சொல்லிவிட்டு அதையே அவர்கள் பாடிக்காட்டும்போது, வீட்டிலிருப்பவருக்கும் பாட்டின் நெளிவு சுளிவு புரிந்தது. ஜெயா டிவியின் ‘மார்கழி மகா உற்சவம்’ கர்நாடக இசைக்கு இதைச் செய்தது. ஒவ்வொரு வித்வானும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு விளக்கமும் சொன்னார். சபாவின் படியேறாதவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள்.

நடிகரின் நிலை வேறு. சோபாவில் உட்காரும்போது அவர் கையில் அவருடைய தொழில் இல்லை. “படம் நல்லா வந்திருக்கு, டைரக்டர் ரொம்ப மெனக்கெட்டிருக்கார்” என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வது தொகுப்பாளர் கையில்தான் இருக்கிறது. விஜய் டிவியில் சுசித்ரா, அனு ஹாசன், திவ்யதர்ஷினி ஆகியோர் நடத்திய ‘காபி வித்’ நிகழ்ச்சிகள் இந்தச் சிக்கலை நட்பின் மூலம் சமாளித்தன. இரண்டு நண்பர்களைச் சேர்த்து அழைத்தால் ஒருவரைப் பற்றி இன்னொருவர் உளறிவிடுவார், அதுவே சுவாரஸ்யம்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழியைக் கண்டது ‘அது இது எது’. மூன்று விருந்தினர்கள் வருவார்கள். ‘குரூப்புல டூப்பு’ சுற்றில் எதிரே நிற்கும் மூவரில் அந்தத் தொழிலை உண்மையில் செய்பவர் யார் என்று கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். ‘சிரிச்சா போச்சு’ சுற்றில் நகைச்சுவைக் கலைஞர்கள் வேஷம் கட்டி வந்து ஆடித் தீர்ப்பார்கள். விருந்தினர் சிரிக்கக் கூடாது. உதட்டைக் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, கடைசியில் அடக்க முடியாமல் வெடித்துச் சிரிக்கும் நடிகரிடம் எந்தப் பேட்டியிலும் கிடைக்காத இயல்பு வெளிப்படும். அதை நடத்திய சிவகார்த்திகேயன் 2012-இல் ‘மெரினா’ மூலம் நடிகராகி, பிறகு விருந்தினர் இருக்கைக்கே வந்து சேர்ந்தார்.

அழைப்புக்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு உண்டு. படத்தை விளம்பரப்படுத்த வருபவருக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது. போட்டி நிகழ்ச்சியில் நிரந்தர நடுவராக இருப்பவருக்கு உண்டு. படத்தின் ஒளிபரப்பு உரிமையை வாங்கிய சேனலுக்கு நட்சத்திரங்கள் முதலில் வருவார்கள். நடிகர் விஜய் பல ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஏப்ரல் 10-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டி கொடுத்தார். ஒளிபரப்பியது சன் டிவி, கேள்வி கேட்டவர் இயக்குநர் நெல்சன், வரவிருந்த ‘பீஸ்ட்’ படத்தின் தயாரிப்பாளர் சன் பிக்சர்ஸ். அஜித்குமார் போல இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே வராதவர்களும் இருக்கிறார்கள்.

சென்னையை அடுத்த குன்றத்தூர்க்காரர்களுக்கு இதெல்லாம் எங்கோ நடக்கும் சங்கதி அல்ல. செம்பரம்பாக்கம் ஏரியின் கரையில் இவர்கள் ஊர் இருக்கிறது. அதே ஏரிப் பக்கம், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி ஈ.வி.பி. பிலிம் சிட்டி. ‘பிக் பாஸ்’ தமிழ் வீடு அங்கேதான் அமைக்கப்பட்டது. 2017 ஜூன் 25-இல் கமல்ஹாசன் தொடங்கிவைத்த அந்த நிகழ்ச்சியை 2024 அக்டோபர் முதல் விஜய் சேதுபதி நடத்துகிறார். புதுப்படக் குழுவினர் அந்த வீட்டுக்குள்ளேயே விருந்தினராகப் போவார்கள். வெளியுலகச் செய்தி எதுவும் எட்டாமல் வாரக்கணக்கில் அடைந்திருப்பவர்களுக்கு வெளியாள் ஒருவரைக் காண்பதே திருவிழா. அந்த ஆனந்தத்தின் நடுவே பட விளம்பரமும் நடந்துவிடும்.

படப்பிடிப்புத் தளத்தில் இது வீட்டில் தெரிவதுபோல ஓடுவதில்லை. விருந்தினரின் சட்டைக் காலரில் லேப்பல் மைக் குத்தி, அதன் பெட்டியை முதுகுப் பக்கம் இடுப்பில் செருகுவார்கள். தொகுப்பாளரின் காதுக்குள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்குநர் பேசிக்கொண்டே இருப்பார்: “அந்தக் கேள்வியை விடுங்க, பிரேக்குக்குப் போங்க.” எதிரே இருப்பவரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இதையும் கேட்க வேண்டும். கைதட்டும் பார்வையாளர்களை அழைத்துவரத் தனி ஆட்கள் உண்டு. சில மணி நேரம் பதிவானது முக்கால் மணி நேரமாகக் குறைக்கப்படும். அதிலிருந்து புரொமோவுக்காக முப்பது நொடி வெட்டப்படும்.

இன்று அந்த முப்பது நொடிதான் பலர் பார்ப்பது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் மாறி மாறி ஷிப்ட் பார்ப்பவர் இரவு ஒன்பது மணி நிகழ்ச்சிக்கு டிவி முன் உட்கார முடியாது. கம்பெனி பஸ்ஸில் செல்போனில் துண்டு துண்டாகப் பார்க்கிறார். கண்ணீர், சண்டை, காதல் குறித்த கேள்வி ஆகியவையே அப்படி வெட்டப்படுகின்றன. பாடகர் ஒரு ராகத்தை விளக்கிய பத்து நிமிடம் வெட்டுக்குத் தாங்காது.

உள்ளூர் கேபிள் சேனல்களில் அளவு சிறியது. நட்சத்திரங்கள் அங்கே வருவதில்லை. கோயில் விழாவுக்கு வந்த மெல்லிசைக் குழுப் பாடகர், தவில் வித்வான், பட்டிமன்றப் பேச்சாளர், நாடக நடிகர் ஆகியோரே விருந்தினர்கள். ஒரு கேமரா, பின்னால் ஒரு திரைத்துணி, அவ்வளவுதான் ஏற்பாடு. விளம்பர இடைவேளையின் நெருக்கடி குறைவு என்பதால் அவர்களால் முழுப் பாட்டையும் பாடி முடிக்க முடிகிறது.