ஆயா பாத்துச்சு: பேச்சிலிருந்து ஏட்டுக்கு வரும் தமிழ்

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில், இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் வீட்டில் நேற்று என்ன விசேஷம் என்று கேட்டுப் பாருங்கள். "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு டீச்சர். ஆயாதான் மொதல்ல பாத்துச்சு" என்று மூச்சு விடாமல் சொல்லும். அதையே நோட்டில் எழுது என்றால் பென்சில் நகராது. சொல்ல விஷயம் இருக்கிறது, சொல்லவும் வருகிறது. ஆனால் வாயில் இருக்கும் தமிழும் பாடப் புத்தகத்தில் இருக்கும் தமிழும் ஒன்றில்லை. இந்த இடைவெளியைக் கடக்க உதவுவதுதான் தொடக்க வகுப்புத் தமிழாசிரியரின் முதல் வேலை. எழுத்து, வாசிப்பு, இலக்கணம், கதை எல்லாம் அதற்குள் அடங்கும்.

நிலைமை எளிதாக இல்லை. ஊர்ப்புறக் குழந்தைகளிடம் பிரதம் அமைப்பு நடத்தும் 'அசர்' ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்பு படிப்பவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்க முடிந்தவர்கள் 2018-இல் ஏறத்தாழ 40 விழுக்காடு. கொரோனாவுக்குப் பிறகு, 2022-இல், அது 25 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. கொரோனாக் காலத்தில் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுகட்டத்தான் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியும், 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை அரும்பிலிருந்து தொடங்கலாம். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கூட்டிப்போக வேண்டும் என்ற இந்த எண்ணம் சரியானது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலிலும் இதே எண்ணம்தான் இருந்தது.

அந்த ஆட்டுக்குட்டி வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளை சொன்னதை ஆசிரியர் அப்படியே கரும்பலகையில் எழுதுகிறார். தான் சொன்னது எழுத்தாக நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு அதை வாசிப்பது சிரமமாக இருக்காது, அது தன் வாக்கியம். பிறகு அதன் கீழே, 'போட்டுச்சு' என்பதற்கு நேராக, 'போட்டது' என்று எழுதுகிறார். அடுத்து 'வந்துச்சு – வந்தது', 'மேஞ்சுச்சு – மேய்ந்தது'. நான்கைந்து சொற்கள் ஆனதும், 'ஓடுச்சு' என்பதற்கு என்ன வரும் என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து 'ஓடியது' என்று சொல்லிவிடும். இறந்தகாலம், அஃறிணை ஒருமை என்ற பெயர்கள் பிறகு வரட்டும். பெயரை மனப்பாடம் செய்துவிட்டுப் பொருளைத் தேடுவதைவிட, கையில் இருக்கும் பொருளுக்குப் பெயர் தெரிந்துகொள்வது பிள்ளைக்கு எளிது.

'ஆயா பாத்துச்சு' என்பதற்கு வருவோம். இந்த வட்டாரத்தில் அக்கா சொல்லுச்சு, அம்மா வந்துச்சு என்பதெல்லாம் அன்றாடப் பேச்சு. மரியாதைக் குறைவாக யாரும் சொல்வதில்லை, நெருக்கத்தில் வருவது. நோட்டில் இதைக் கண்டால் சிவப்பு மையில் அடித்துவிடுகிறோம். இலக்கணம் இவ்வளவு கறார் காட்டுவதில்லை. திணை மாறிப் பேசுவது வழு என்று சொல்லும் நன்னூலே, மகிழ்ச்சியிலும் சினத்திலும் அப்படி வந்தால் அதை வழுவமைதி என்று ஏற்றுக்கொள்கிறது. பசுவைச் செல்லமாக 'அம்மா வந்துவிட்டாள்' என்று சொல்வது அந்த வகை. ஆகவே, "வீட்டில் பாத்துச்சு என்று சொல்வோம், ஏட்டில் பார்த்தார் என்று எழுதுவோம்" என்று சொன்னால் போதும். தன் ஆயாவின் பேச்சைத் தப்பு என்று கேட்டு வளரும் பிள்ளை எழுத அஞ்சும்.

எழுத்துப் பிழை தனிச் சிக்கல். நம் பக்கம் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே காதில் விழுகிறது. ரகர றகர வேறுபாடும் பேச்சில் மங்கிவிட்டது. பளம், மறம் என்று பிள்ளை எழுதினால் அது கேட்டதைத்தான் எழுதியிருக்கிறது. பத்துத் தடவை எழுது என்று தண்டனை கொடுப்பதால் இது தீராது. அந்தச் சொல்லைக் கண் பல முறை, பல இடத்தில் பார்க்க வேண்டும். அதற்கு வாசிப்புதான் வழி.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சிறு நூல்கள் தந்திருக்கிறது. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் பள்ளிகளுக்கு வருகின்றன. பெரம்பலூரில் 2012-இலேயே புத்தகத் திருவிழா தொடங்கிவிட்டது. இவ்வளவும் இருந்து, கிழிந்துவிடுமே என்று நூல்களைப் பீரோவில் பூட்டி வைத்தால் என்ன பயன்? கிழியட்டும்!

கதை எழுத வைக்க இத்தாலிய எழுத்தாளர் ஜான்னி ரொடாரி ஓர் எளிய வழி சொன்னார். 1973-இல் வெளிவந்த, கற்பனையின் இலக்கணம் பற்றிய தன் நூலில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்தால் கதை தானாகப் பிறக்கும் என்றார். நமக்குச் சொற்களா இல்லை? ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி, அரியலூர்ச் சாலையில் சிமென்ட் லாரி. முந்திரிக் கொட்டை ஒன்று லாரியில் ஏறிப் போனால்? சாத்தனூர்க் கல்மரத்தடியில் ஆடு தழை தேடினால்? பிள்ளை இரண்டு வரி எழுதியதும் ஆசிரியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அப்புறம் என்ன ஆச்சு?" திருத்தம் பிறகு. அதிலும் ஒரு தடவைக்கு ஒரு வகைப் பிழை மட்டும்: இன்று வினைமுற்று, அடுத்த வாரம் முற்றுப்புள்ளி. ஒற்று மிகும் இடமெல்லாம் மேல் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்து, பள்ளிக்கூடத்தையே பார்க்காமல் இருந்த பிள்ளைகள் 2025-இல் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள். ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கியவர்களுக்கென்று அந்த ஆண்டுதான் 'திறன்' திட்டம் தொடங்கியது. இவர்கள் கையில் சின்னப் பிள்ளைகளின் 'நுழை' நூலைக் கொடுத்தால் கூசுவார்கள். அவர்களே சொல்லி, ஆசிரியரோ தோழனோ எழுதிக் கொடுத்த கதையை முதலில் வாசிக்கக் கொடுக்கலாம்.