எஞ்சின் நின்றால் விமானம் விழுந்துவிடுமா?

ராஜகீழ்ப்பாக்கத்தில் வசிப்பவர்களுக்கு விமான ஓசை புதிதன்று. மீனம்பாக்கத்திற்கு வந்து போகும் பெரிய விமானங்கள் ஒருபுறம் இருக்க, அருகிலேயே உள்ள தாம்பரம் விமானப்படைத் தளத்தின் சிறு பயிற்சி விமானங்களும் அவ்வப்போது வானில் வட்டமிடும். சில வேளைகளில் அத்தகைய விமானத்தின் உறுமல் திடீரென்று தேய்ந்து அடங்கிவிடும். கீழே நிற்பவரின் நெஞ்சு ஒரு கணம் துணுக்குறும். சிறிது நேரத்தில் உறுமல் மீண்டும் எழ, விமானம் மேலேறிச் சென்றுவிடும். என்ன நடந்தது? பெரும்பாலும் ஒன்றும் நடந்திருக்காது. பயிற்சியாசிரியர் எஞ்சின் விசையை வேண்டுமென்றே குறைத்துவிட்டு, "எஞ்சின் நின்றுவிட்டது, இப்போது என்ன செய்வாய்?" என்று மாணவரைக் கேட்டிருப்பார்.

தாம்பரத்தில் கேட்கப்படும் இக்கேள்விக்குத் தனிச் சிறப்பு உண்டு. அங்குள்ளது விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களையே உருவாக்கும் பள்ளி. 1948இல் அம்பாலாவில் தொடங்கப்பெற்ற இப்பள்ளி 1954இல் தாம்பரத்திற்கு வந்தது. இங்குப் பயில்வோர் முன்பே தேர்ந்த விமானிகள். ஆபத்து வேளையில் தாம் செய்ய வேண்டியதை அறிந்தவர்கள். அதை இன்னொருவர் கையில் பழக்கமாகப் படிய வைப்பது எப்படி என்பதையே இங்கு அவர்கள் கற்கிறார்கள். இது ஏன் அத்தனை கடினம் என்பதைப் பார்ப்போம்.

எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப்போல் விழும் என்பதே பலரின் எண்ணம். அது தவறு. விமானத்தைத் தாங்குவது எஞ்சின் அன்று, இறக்கைகள். இறக்கையின் மேலும் கீழும் காற்று போதிய வேகத்தில் ஓடினால் தூக்குவிசை பிறக்கும். அந்த வேகத்தைத் தருவதே எஞ்சினின் வேலை. எஞ்சின் இல்லாதபோது வேகத்தை வேறு வழியில் பெறலாம். மேட்டிலிருந்து இறங்கும் சைக்கிளுக்கு மிதிக்காமலேயே வேகம் கிடைக்கிறது அல்லவா? அதுபோல விமானமும் தன் உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவழித்து வேகத்தை வாங்கிக்கொள்ளலாம்.

பறத்தல் கழகங்களில் பெரிதும் வழங்கும் செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை விமானத்தை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் நின்றபின் அதை 65 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருந்தால், ஓர் அடி கீழிறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னே செல்லும். 3,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் 8 கிலோமீட்டர் வரை சறுக்கிச் செல்லலாம். ராஜகீழ்ப்பாக்கத்திற்கு மேலே நின்றால் மேடவாக்கத்தைத் தாண்டியும் போகலாம் என்று பொருள். அதற்கு நான்கு நிமிடம் பிடிக்கும். விமானியின் கையிருப்பு இந்த நான்கு நிமிடமே.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. எஞ்சின் அடங்கிய உடனே விமானத்தின் மூக்கைக் கீழே தாழ்த்த வேண்டும். இங்கேதான் மனித இயல்பு குறுக்கே வருகிறது. தரை நெருங்குவதைக் காணும் மனிதனின் கை தானாகவே கட்டைப் பின்னுக்கு இழுத்து மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். தூக்கினால் வேகம் குறையும். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் கூடிக்கொண்டே போய், ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டியதும் இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்ந்துகொண்டு சிதறும். தூக்குவிசை சட்டென்று குறையும். இதை விமானிகள் 'ஸ்டால்' என்பர். அப்போதுதான் விமானம் உண்மையாகவே விழத் தொடங்குகிறது. எஞ்சின் நின்றதால் இறப்பவர்களைவிட, நின்றபின் கை செய்த பிழையால் இறப்பவர்களைப் பற்றியே பயிற்சியாசிரியர்கள் மிகுதியாகக் கவலைப்படுகிறார்கள்.

மூக்கைத் தாழ்த்தி, வேகத்தை நிலைநிறுத்தியாயிற்று. அடுத்து இறங்க இடம் வேண்டும். நல்ல விமானி இதை எஞ்சின் நின்றபிறகு தேடத் தொடங்குவதில்லை. பறக்கும்போதெல்லாம் 'இப்போது நின்றால் எங்கே இறங்குவேன்?' என்று கீழே பார்த்துக்கொண்டே செல்வார். முதலில் காற்றின் திசையை அறிய வேண்டும். சூளையின் புகை, ஏரி நீரின் சிற்றலை, ஒருபக்கமாகச் சாயும் தென்னங்கீற்று, கோவில் கொடி ஆகியவை அதைச் சொல்லிவிடும். காற்றை எதிர்த்து இறங்கினால் தரையைத் தொடும் வேகம் குறையும். பிறகு நிலத்தின் தன்மை. அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் காய்ந்த வயல் நல்லது. நாற்று நட்டு நீர் நிற்கும் வயல் மேலிருந்து பார்க்கப் பச்சைக் கம்பளமாகத் தோன்றும். ஆனால் மூக்குச் சக்கரம் சேற்றில் புதைந்து விமானம் குப்புறக் கவிழக்கூடும். வரப்புகளுக்குக் குறுக்காக இறங்கக் கூடாது, அவற்றை ஒட்டியே இறங்க வேண்டும். உழுத நிலமானால் உழவுசாலின் வழியே இறங்க வேண்டும். கோடையில் வறண்ட ஏரிப்படுகை அருமையான இடம். நேரான தார்ச்சாலை கண்ணைக் கவரும். அதில் வண்டிகள் இருக்கும், ஓரத்தில் மின்கம்பிகள் இருக்கும். மின்கம்பி வானிலிருந்து தெரியாது, கம்பங்கள்தாம் தெரியும். ஆகவே கம்பங்களின் வரிசையைத் தேடச் சொல்வார்கள்.

நல்ல நிலம் கிடைக்கவே இல்லை என்றால்? அப்போதும் பிழைக்க வழி உண்டு. விமானத்தைக் காப்பாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு ஆளைக் காப்பாற்ற வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம், உடல் எடையைப்போல் ஒன்பது மடங்கு விசை உள்ளிருப்பவரைத் தாக்கும் அளவில் சீராக நிற்பதற்கு மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவு போதும். தோள்பட்டை வார் கட்டியிருப்பவர் இதைத் தாங்கிக்கொள்ள முடியும். வேகம் இருமடங்கானால் தேவையான தொலைவு நான்கு மடங்காகும். ஆகவே எவ்வளவு மெதுவாகத் தொட முடியுமோ அவ்வளவு மெதுவாக, ஆனால் ஸ்டால் ஆகாமல் தொட வேண்டும். இரண்டு மரங்களுக்கு நடுவே விமானத்தைச் செலுத்தி, இறக்கைகள் ஒடிவதன் மூலம் வேகத்தைக் கரைக்கச் சொல்வதும் உண்டு. தரையைத் தொடுமுன் கதவின் தாழை நீக்கிவிடுவார்கள். அதிர்ச்சியில் சட்டம் வளைந்தால் கதவு திறக்காமல் போகலாம் அல்லவா?

இடம் தேர்ந்தபின் நேரம் இருந்தால் எஞ்சினை மீண்டும் உயிர்ப்பிக்கப் பார்க்கலாம். பெட்ரோல் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்பார்கள். ஒரு தொட்டி வற்றியிருக்க, மறுபக்கத் தொட்டி நிரம்பியே இருக்கலாம். குழாயைத் திருப்பினால் போதும். தீப்பொறி அளிக்கும் மேக்னெட்டோக்கள் இரண்டு உண்டு. அவை பாட்டரியை நம்பி இருப்பவை அல்ல. ஒன்று கெட்டாலும் மற்றது எஞ்சினை ஓட்டும்.

வியப்பான காரணம் ஒன்று உண்டு: பனிக்கட்டி. சென்னையின் புழுக்கத்தில் பனிக்கட்டியா என்று கேட்பீர்கள். கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியே காற்று பாயும்போது அழுத்தம் குறைந்து குளிர்கிறது. அங்கேயே பெட்ரோலும் ஆவியாகி, மண்பானையில் கசியும் நீர் பானையைக் குளிர்விப்பதுபோல, மேலும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்து 20, 30 பாகைகூடக் குளிர்விக்கும். காற்றிலுள்ள ஈரம் அங்கே உறைந்து தொண்டையை அடைக்கும். வெளியே 38 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கும்போதும் இது நேரலாம் என்கின்றன விமானிகளுக்கான கையேடுகள். கடலோரத்து ஈரக்காற்று இதற்கு ஏற்றது. விசையைக் குறைத்துக் கீழிறங்கும்போது ஆபத்து மிகுதி.

இதற்கு மருந்து எளியது. புகைபோக்கியைச் சுற்றிச் சூடான காற்றைக் கார்புரேட்டருக்குள் விடும் குமிழ் ஒன்று உண்டு. அதை இழுக்க வேண்டும். இழுத்ததும் உருகிய நீர் எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் முன்னைவிட மோசமாக இருமி உதறும். புதிய விமானி அஞ்சிக் குமிழை மீண்டும் உள்ளே தள்ளிவிடுவார். தள்ளினால் கதை முடிந்தது. இருமட்டும் என்று பொறுத்திருந்தால் சிறிது நேரத்தில் எஞ்சின் தெளியும். பாருங்கள், இங்கும் கை விரும்புவதற்கு நேர்மாறானதே சரியான செயல்.

வானொலியில் உதவி கேட்பது இவற்றுக்கெல்லாம் பிறகுதான். முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு வழியைப் பார், அதன்பின் பேசு என்பது உலகெங்கும் உள்ள பாடம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் எஞ்சினை ஓடச் செய்ய முடியாது. எனினும் 'மேடே' என்று மும்முறை கூறி, இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டால், தேடி வருவோருக்கு வழி கிடைக்கும். இச்சொல் 'எனக்கு உதவு' என்னும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து 1920களில் பிறந்தது. வானொலியே பழுதானாலும் பெரிய கேடில்லை. கோபுரத்திலிருந்து விமானத்தை நோக்கி நிலையான பச்சை ஒளி காட்டினால் இறங்கலாம் என்று பொருள்.

இதுவரை சொன்னது உயரம் கையில் இருக்கும்போது. தரையை விட்டு எழுந்து 300 அடியில் எஞ்சின் நின்றால்? நான்கு நிமிடம் என்ற கையிருப்பு 25 விநாடியாகச் சுருங்கிவிடும். அதில் திகைப்பிலேயே சில விநாடிகள் கழிந்துவிடும். பின்னால் அழகாக நீண்டு கிடக்கும் ஓடுபாதை 'திரும்பி வா' என்று அழைக்கும். திரும்பக் கூடாது. அரைவட்டம் திரும்பினால் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில்தான் வந்து நிற்போம். அதன் நேருக்கு வர மேலும் திரும்ப வேண்டும். 45 பாகை சாய்ந்து, உயரம் காத்துத் திரும்பும்போது இறக்கை தாங்க வேண்டிய சுமை 1.4 மடங்காகிறது, ஸ்டால் ஆகும் வேகமும் ஏறத்தாழ 19 சதவீதம் கூடுகிறது. முன்பு போதுமாக இருந்த வேகம் இப்போது போதாது. விமானம் ஒருபக்கம் கவிழ்ந்து விழும். எனவே மிகச் சிறிதளவே இடமும் வலமும் ஒதுங்கி, எதிரே உள்ள நிலத்திலேயே இறங்க வேண்டும் என்பது விதி.

எதிரே நிலம் இருந்தால் சரி. ஒரு காலத்தில் சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் பக்கமெல்லாம் ஏரிகளும் அவற்றின் கீழ் வயல்களுமாக இருந்தன. ஏரிகள் பல சுருங்கியேனும் இருக்கின்றன, வயல்கள் வீட்டுமனைகளாகிவிட்டன. மேலிருந்து பார்க்கும் விமானிக்கு இந்த மாற்றம் வெறும் காட்சி மாற்றமன்று.

பயிற்சி எவ்வளவு சிறந்தாலும் இயந்திரம் கைவிட்டால் ஓர் எல்லை உண்டு என்பதை நம் நாட்டு அனுபவமே காட்டியது. ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எச்.பி.டி.-32 'தீபக்' விமானம் 1977இல் முதன்முதலில் பறந்தது. 260 குதிரைத்திறன் எஞ்சின், அருகருகே இரண்டு இருக்கைகள். விமானப்படையின் இளம் விமானிகள் பல்லாண்டுக் காலம் இதில்தான் முதற்பாடம் கற்றார்கள். ஆனால் பறக்கும்போதே எஞ்சின் நின்றுபோவது இதன் தீராத நோயாக இருந்தது. வானில் விமானத்தை விட்டு வெளியே வீசும் இருக்கையும் இதில் கிடையாது. 17 விபத்துகளில் 19 விமானிகள் உயிரிழந்தனர். 2009 ஜூலை இறுதியில் ஆந்திரத்தில் இரு விமானிகள் மாண்டபின் இவ்வகை விமானங்கள் தரையில் நிறுத்தப்பட்டன. இதை இன்னும் முன்பே செய்திருக்கலாம் என்று தோன்றுவதைத் தவிர்க்க முடியவில்லை.

அதன் இடத்தை 2013 முதல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி.-7 மார்க் 2 நிரப்பியது. இதற்கான 75 விமான ஒப்பந்தம் 2012இல் கையெழுத்தானது. இதில் வெளியே வீசும் இருக்கை உண்டு. 2025 நவம்பர் 14 அன்று பயிற்சிக்குச் சென்ற இவ்வகை விமானம் ஒன்று திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. விமானி அவ்விருக்கையின் உதவியால் உயிருடன் தப்பினார்.

இந்த இருக்கையும் கைக்கு ஒரு சோதனையே. ஒரு கைப்பிடியை இழுத்தால் இருக்கையோடு ஆள் தூக்கி எறியப்படுவார், பாரசூட் விரியும். இன்னும் கொஞ்சம் முயன்றால் விமானத்தைக் காப்பாற்றிவிடலாம் என்ற ஆசையில் இழுக்கத் தயங்கியவர்கள் உலகெங்கும் உண்டு. ஆகவே எந்த உயரத்திற்குக் கீழே முயற்சியைக் கைவிட வேண்டும் என்பதைத் தரையில் இருக்கும்போதே முடிவு செய்துவிடுவார்கள். வானில் யோசிப்பதில்லை, முடிவை நிறைவேற்றுவது மட்டுமே.

ஆசிரியர் பள்ளியின் கடினமான பாடமும் இந்த உயரத்தைப் பற்றியதே. மாணவர் தவறு செய்கிறார் என்று தெரிந்ததும் கட்டைப் பிடுங்கிக்கொண்டால் அவர் கற்கமாட்டார். தன் தவறு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை அவர் கண்ணால் காணும் வரை விட்டுவைக்க வேண்டும். இருவரும் மீள முடியாத இடத்திற்குச் சற்று முன்பு ஆசிரியர் கை நுழைய வேண்டும். ராஜகீழ்ப்பாக்கத்து வானில் உறுமல் அடங்கி மீண்டும் எழும் அந்தச் சிறு இடைவெளியில் முன்னிருக்கையில் ஒருவர் இடம் தேடிக்கொண்டிருக்கிறார். பின்னிருக்கையில் மற்றொருவர், கட்டைத் தொடாமல், உயரமானியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.